பதினேழு ஈரல் குவளைகள்

ஆட்டு ஈரலைக் கழுவித் தட்டில் வைத்தால் ஒரு நிறம் இருக்குமே, பழுப்போடும் சேராமல் சிவப்போடும் சேராமல், அந்த நிறத்தில் பதினேழு குவளைகள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழிக் காலையில் சூளை வாசலை அடைத்திருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவியபோது உள்ளே வரிசை கட்டி நின்றன. நான் கேட்டது ரத்தச் சிவப்பு.

அது ஆறாவது சூளை. ஒருமுறை அடுக்கிச் சுடுவதை ஒரு சூளை என்போம். முந்தைய ஐந்திலும் இதே கதைதான், நிறம் மட்டும் மாறும். ஒருமுறை சாம்பல். ஒருமுறை துவைத்துத் துவைத்து வெளுத்த ரோஸ் துணி. ஒருமுறை பாதிக் குவளை பச்சை, பாதி அழுக்கு. ஒவ்வொரு சூளைக்கும் 19 கிலோ சிலிண்டர் ஒன்றரை காலியாகும். வீட்டுக் கணக்கு நோட்டில் பால், மளிகை, கரண்டு வரிசையில் என் மனைவி 'சிவப்பு' என்று தனியாக ஒரு தலைப்பே போட்டிருந்தாள். கேலியாகப் போட்டாளா நிஜமாகவே போட்டாளா என்று இதுவரை கேட்கவில்லை.

கோத்தகிரிக்கு நாங்கள் வந்து எட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் புதுச்சேரியில் மூன்று வருடம் வேலை கற்றேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்த ஊரைச் சுற்றி ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்ட கெட்டிப் பாண்டம்) பட்டறைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக முளைத்தன. அப்படி முளைத்த ஒரு சின்னப் பட்டறையில்தான் சக்கரத்தில் உட்கார்ந்தேன். சிவப்பு கிளேஸ், அதாவது பாண்டத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு, அங்கேயும் சுடுவார்கள். அந்தக் குறிப்பை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டுதான் மலை ஏறினேன். அதே குறிப்பு, அதே கடையில் வாங்கிய பொடிகள். இங்கே வந்ததும் ஈரல்.

மண்ணும் நெருப்பும் இந்த மலைக்குப் புதிதில்லை. ஊர்ப் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள். கோத்தர்களில் மரபாக ஆண்கள் கொல்லு வேலையும் தச்சு வேலையும் செய்வார்கள், பானை வனைவது பெண்கள். தோடர் வீட்டுப் பானையும் படுகர் வீட்டு அரிவாளும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையிலிருந்து போனவை. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், மலை முகடுகளில் உள்ள கல்வட்டங்களுக்குள் யாரோ புதைத்துவைத்த பானைகளை 1870களின் தொடக்கத்தில் ப்ரீக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி எடுத்தார். மூடியின் மேல் எருமை நிற்கும் பானைகள். சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் அவை இருக்கின்றன. புதிது என்றால் என்னுடைய 1,300 டிகிரி மட்டும்தான்.

சரி, செம்புச் சிவப்பு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் தினமும் பார்க்கும் பானைச் சிவப்பு, ஓட்டுச் சிவப்பு, செங்கல் சிவப்பு எல்லாம் இரும்பின் சிவப்பு. மண்ணில் உள்ள இரும்பு, சூளையில் தாராளமாகக் காற்று கிடைத்தால் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் மூழ்கவிட்டால் அதே மண் கறுக்கும். கீழடி, ஆதிச்சநல்லூர், கொடுமணல் என்று தோண்டும் இடமெல்லாம் கிடைக்கிற கறுப்பு-சிவப்புப் பானைகள் ஒரே பானையில் இரண்டையும் செய்து காட்டியவை. உள்ளும் வாயும் கறுப்பு, வெளியே சிவப்பு. எங்கே காற்று படவேண்டும், எங்கே படக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செம்புக்கு இது தலைகீழ். காற்று இருந்தால் கிளேஸில் உள்ள செம்பு பச்சையாகும், கோயில் செப்புத் தகட்டில் களிம்பு ஏறிய மாதிரி. காற்றைக் குறைத்தால் எரியாமல் மிஞ்சிய வாயு, குறிப்பாகக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும், ஆக்சிஜனுக்கு அலையும். சூளைக்குள் வேறெங்கும் கிடைக்காததால் கிளேஸில் இருக்கும் செம்பு ஆக்சைடிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் போனபின் மிஞ்சுவது வெறும் செம்பு. அது கிளேஸ் மெதுவாக ஆறும்போது கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரளும். துகள் ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான். அந்த அளவில் செம்பு, ஒளியில் உள்ள பச்சையையும் மஞ்சளையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் வெளியே விடும். இதற்குத்தான் ரிடக்ஷன் என்று பெயர். பட்டறைப் பேச்சில் 'ரிடக்ஷன் கொடுக்கிறது' என்போம். உண்மையில் நாம் எதையும் கொடுப்பதில்லை, பிடுங்குவதுதான்.

இதில் எனக்குப் பிடித்தது செம்பின் அளவு. பச்சை கிளேஸுக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு போடுவார்கள். சிவப்புக்கு அரைப் பங்கு போதும். ஒரு கிலோ கிளேஸ் பொடிக்கு 5 கிராம் காப்பர் கார்பனேட், வெளிர் பச்சைப் பொடி, காகிதத்தில் கொட்டினால் ஒரு டீஸ்பூன் விபூதி அளவுக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். கூட 10 கிராம் வெள்ளீய ஆக்சைடு. வெள்ளீயம் இல்லாமலும் சிவப்பு வரும், ஆனால் நிலைக்காது. செம்பு ஆக்சிஜனை இழக்கவும், பிறகு துகளாகத் திரளவும், பக்கத்தில் நின்று கைகொடுப்பது வெள்ளீயம்தான். மீதியெல்லாம் வழக்கமான சாமான்: பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஃபெல்ட்ஸ்பார், கால் பங்கு குவார்ட்ஸ், ஏழில் ஒரு பங்கு சுண்ணாம்புப் பொடி, பத்தில் ஒரு பங்கு போரான் கலந்த ஃப்ரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடி), கட்டிப் பிடிக்க இரண்டு மூன்று சதம் சைனா களி. கிளேஸைக் கெட்டியாக்கும் அலுமினா குறைந்த, இளகிய, தேன் மாதிரி நகரும் கிளேஸ். நகர்வதால்தான் சிவப்பு ஆழமாகத் தெரிகிறது. நகர்வதால்தான் ஷெல்ஃபோடு ஒட்டிக்கொண்டு உளியால் தட்டி எடுக்க வேண்டியும் வருகிறது.

ஆறு சூளை வீணானபோது ஆளாளுக்குச் சொன்ன புத்தி ஒன்றேதான்: ரிடக்ஷன் போதவில்லை, புகைபோக்கியை அடைக்கிற டாம்பரை இன்னும் தள்ளு, இன்னும் புகைவிடு. போனில் கேட்டாலும் அதே. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஏழாவது சூளையில் புகைபோக்கியின் டாம்பர் பலகையை முக்கால்வாசி தள்ளிவிட்டேன். கரும்புகை சரிவில் இறங்கி, கீழே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார்கள்.

அந்தப் புகையைப் பார்த்துத்தான் ட்ரையர் அண்ணா வந்தார். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருப்பவர், படுகர், எழுபதை நெருங்குகிறார். தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் அடுப்பைப் பார்த்துக்கொண்ட ஆள், முப்பது வருடம். இலை உலர்த்தும் சூடான காற்றுக்கு விறகு தள்ளுகிற வேலை. வெள்ளைத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு, கம்பை ஊன்றி நின்று, சூளையைப் பார்க்காமல் புகைபோக்கியின் உச்சியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, அடுப்பு மூச்சு முட்டுதே."

வேண்டுமென்றேதான் முட்ட வைக்கிறேன் அண்ணா, காற்றைக் குறைத்தால்தான் நிறம் வரும் என்று விளக்கினேன். இரும்பு, செம்பு, ஆக்சிஜன் எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"நாங்க காத்து குடுத்துச் செவக்க வெப்போம், நீ காத்தைப் புடிச்சு வெச்சுச் செவக்க வெக்கறே. அவ்வளவுதானே?"

அவர் சொன்னது தேயிலையை. நசுக்கிய பச்சை இலையைப் பரப்பிவைத்தால் காற்றுப் பட்டுப் பட்டு நிறம் மாறும். ஃபெர்மென்டிங் என்பார்கள், நடப்பது என்னவோ இலை ஆக்சிஜனை ஏற்றுக்கொள்வதுதான். பச்சை போய்ச் செம்பு நிறம் வந்ததும் ட்ரையரில் போட்டு நிறுத்திவிட வேண்டும். விட்டால் கறுத்துப்போகும். 'செம்பு நிறம்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். இத்தனை வருடம் டீ குடிக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை.

கிளம்பும்போது திரும்பி ஒரு கேள்வி கேட்டார். "குறைக்கறது சரி. குறைக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு காத்து இருந்துச்சுன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை.

சூளை ஆறியதும் குவளைகளை வெளியே எடுத்துவிட்டு, அதைக் காலியாகவே பற்றவைத்தேன். டாம்பர் முழுக்கத் திறப்பு, பர்னர்களின் காற்று வாய் முழுக்கத் திறப்பு. புதுச்சேரியில் இப்படி வைத்தால் நீலச் சுடர் சீறிக்கொண்டு எரியும், பார்வைத் துளையில் கண் வைத்தால் உள்ளே பளிச்சென்று தெரியும். இங்கே சுடரின் நுனி மஞ்சள். 700 டிகிரி தாண்டியதுமே பார்வைத் துளையிலிருந்து நாக்கு மாதிரி ஒரு தீச்சுடர் வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே எரியக் காற்றில்லாமல், வெளியே வந்து காற்றைக் கண்டதும் பற்றுகிற வாயு அது. அதாவது, நான் ரிடக்ஷனைத் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அது தானாகத் தொடங்கிவிட்டிருந்தது.

காரணம் உயரம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு வாளிக் காற்றை மொண்டால் அதில் ஆக்சிஜனும் ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். எரிவாயு ஒரு பங்கு முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் தள்ளிவிடும் வாயு அந்த அளவுக்குக் குறைவதில்லை, பர்னர் இழுக்கும் காற்றில்தான் சத்து குறைகிறது. கடலோரத்துக்காகத் துளையிட்ட பர்னர் இங்கே பிறவியிலேயே மூச்சு வாங்கும் பர்னர். அதன்மேல் நான் டாம்பரையும் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆஸ்துமாக்காரன் முகத்தில் தலையணையை அமுக்கிய மாதிரி.

ஈரல் நிறத்துக்கும் விளக்கம் கிடைத்தது. என் நோட்டில் பழைய சூளைகளின் கணக்கு இருக்கிறது. 1,100இலிருந்து 1,200 டிகிரி ஏற நான்கு மணி நேரம். எரியாத வாயு சூடு தராது, சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் ஒரே எண்ணில் முள்ளாக நிற்கும், நான் இன்னும் வாயுவைக் கூட்டுவேன், இன்னும் புகை. அளவுக்கு மீறிய அந்தப் புகையில், ஆறுவதற்கு முன்பே, நான்கு மணி நேரமும் உருகிய கிளேஸுக்குள் செம்பு திரண்டு, துகள்கள் பெருத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். துகள் பொடியாக இருந்தால்தான் மாணிக்கச் சிவப்பு. பெருத்துவிட்டால் ஒளி உள்ளே போய் வராது, மங்கிப் பழுப்பாகும். இன்னொரு பக்கம், கிளேஸ் உருகி மூடுவதற்கு முன்பே படிந்த கரி உள்ளேயே மாட்டிக்கொண்டு சாம்பல் பூசும். என் தோல்விகளில் பெரும்பாலானவை ஒரே நோய்.

வைத்தியம் செய்தவர் பஜாரில் ஓட்டல் அடுப்பு ரிப்பேர் பார்ப்பவர். "கீழேருந்து கொண்டு வர்ற அடுப்பு எல்லாம் இப்படித்தான் சார், பாத்திரம் அடியெல்லாம் கறுத்துடும்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு, பர்னரில் வாயு பீறிடும் ஜெட்டைச் சின்னத் துளை ஜெட்டாக மாற்றிக் கொடுத்தார். இரண்டு பர்னருக்கும் சேர்த்து ஒரு சூளை வாயுச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. புகைபோக்கியை நான் இரண்டடி உயர்த்திக் கட்டினேன். இதெல்லாம் அடுப்பு மெக்கானிக்குத் தெரிந்திருக்கிறது, மூன்று வருடம் குரு வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. குருவின் பிழையும் அல்ல, அவர் கடலோரத்தில் இருக்கிறார்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மேற்கே தொட்டபெட்டா மறைப்பதால் ஆனி ஆடி மழை ஊட்டி அளவுக்கு இல்லை, இந்த மழையில்தான் நனைவோம். அப்படி ஒரு நாள் சாரல் உள்ளே அடிக்கிறதென்று சூளைக் கொட்டகையின் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிவிட்டு ரிடக்ஷனில் உட்கார்ந்திருந்தேன். கதகதப்பாக இருந்தது. தலை வலித்தது, குளிர் என்று நினைத்தேன். எழுந்தால் முழங்கால் துவண்டது, காலையில் சாப்பிடவில்லை என்று நினைத்தேன். ஏதோ கேட்க வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்து, என்னை இழுத்துக்கொண்டுபோய் மழையில் உட்காரவைத்தாள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. செம்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகிற அதே வாயு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது கொட்டகைக்கு நான்கு பக்கமும் திறப்பு, தூணில் ஒரு அலாரம் தொங்குகிறது. மழையில் நனைந்துகொண்டே சுடுகிறேன். ரிடக்ஷன் சூளை கட்ட நினைப்பவர்கள் பர்னர் வாங்குவதற்கு முன்னால் அலாரத்தை வாங்குங்கள்.

இந்த நிறத்துக்காகக் காசைக் கரியாக்கிய முதல் ஆள் நான் இல்லை என்பதில் ஒரு ஆறுதல். சீனாவில் ஜிங்டெஜென் சூளைகளில், மிங் வம்சத்து ஷுவான்டே காலத்தில், 1426 முதல் 1435 வரை, வழிபாட்டுப் பாத்திரங்களுக்கு இந்தச் சிவப்பை அற்புதமாகச் சுட்டார்கள். அடுத்த நூற்றாண்டுக்குள் கைநழுவிப் போய், அரசவைக்கே இரும்புச் சிவப்பைத் தீட்டிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. காங்ஷி பேரரசர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லாங் டிங்ஜி என்ற ஆளுநரின் மேற்பார்வையில்தான் மறுபடி பிடிபட்டது. அதனால் அதற்கு லாங் சிவப்பு என்றே பெயர். 'ஏழையாக வேண்டுமா, லாங் சிவப்பு சுடு' என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. என் மனைவியிடம் சொன்னேன். நோட்டில் அந்தத் தலைப்பைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐரோப்பியர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதன் பின்னால் ஓடினார்கள். பெர்லின் அரசுப் பீங்கான் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தவர் ஹெர்மன் செகர் என்ற வேதியியலாளர். சூளைக்குள் சூட்டைக் காட்ட நாங்கள் வைக்கிற கூம்பும் அவர் 1886இல் கொண்டுவந்ததுதான். சுண்டுவிரல் நீளக் கூம்பு, குறிப்பிட்ட சூடு குறிப்பிட்ட நேரம் கிடைத்தால் தலை குனியும். பைரோமீட்டர் பொய் சொல்லும், கூம்பு சொல்லாது.

ஒன்பதாவது சூளை தை பிறந்த பிறகு வைத்தேன். எட்டாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நடுவில் வாயு தீர்ந்துவிட்டது. தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது, உறைந்தது. குளிர்காலத்தில் சிலிண்டரிலிருந்து வேகமாக வாயு இழுத்தால், திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே தின்று குளிர்ந்துபோகும். சிலிண்டரின் அடிப்பாதியில் வெள்ளையாகப் பனி படரும், அழுத்தம் விழும். அடுப்பாக எரியும் ஒன்றின் மறுமுனை ஐஸ்பெட்டியாக இருப்பது வேடிக்கைதான், ராத்திரி எட்டு மணிக்கு 1,180 டிகிரியில் நிற்கும்போது வேடிக்கையாக இருக்காது. இப்போது மூன்று சிலிண்டரைச் சேர்த்து ஒரே குழாயில் கோத்து, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிற்க வைக்கிறேன்.

ஒன்பதாவதுக்கு விடிகாலை ஐந்துக்குப் பற்றவைத்தேன். 900 டிகிரி வரை நீலச் சுடர், துளையில் கண்ணை வைத்தால் குவளைகள் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. ஒன்பதரைக்கு டாம்பரை அரை அங்குலம், அரையே அரை அங்குலம், உள்ளே தள்ளினேன். பார்வைத் துளையில் ஒரு விரல் நீளச் சுடர், ஓரம் லேசாகப் பச்சை. புகைபோக்கியில் புகையே இல்லை. ட்ரையர் அண்ணா வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுப்பு பேசுது" என்றார். எனக்கும் கேட்டது, சீரான ஒரு உறுமல். முக்கால் மணி நேரம் அப்படி. கிளேஸ் உருகி மூடிக்கொள்வதற்குள் செம்பிடமிருந்து வாங்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும். மூடிய பிறகு எவ்வளவு புகைவிட்டாலும் கதவு சாத்திய வீட்டில் கூப்பிடுகிற கதைதான். அப்புறம் டாம்பரைக் கால் அங்குலம் வெளியே இழுத்து, மெல்லிய ரிடக்ஷனிலேயே ஏற்றினேன். 1,100இலிருந்து 1,200க்கு ஒரு மணி இருபது நிமிடம்.

1,240இல் இரும்புக் கம்பியால் ஒரு சோதனை வளையத்தைக் கொக்கி போட்டு எடுத்தேன். மண்ணில் செய்த மோதிரம் மாதிரி, அதே கிளேஸ் பூசி உள்ளே வைத்திருப்பது. வெளியே வரும்போது ஆரஞ்சாக ஜொலித்தது. தண்ணீர் வாளியில் போட்டதும் சுர்ரென்று அடங்கியது. எடுத்துப் பார்த்தால் பளிங்கு, நிறமே இல்லை. அண்ணா என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு வளையம் எடுத்து, தண்ணீரில் போடாமல், பர்னர் வாயின் சூட்டில் சாத்திவைத்தேன். மெதுவாக ஆறியது. ஜொலிப்பு அடங்கி ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்திலிருந்து, குங்குமத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவுமே, அப்படிச் சிவப்பு ஏறியது. செம்பு உள்ளேதான் இருக்கிறது, திரண்டு துகளாவதற்கு அதற்கு நேரம் வேண்டும். சட்டென்று குளிரவைத்தால் அந்த நேரம் கிடைக்காது. செம்புச் சிவப்புக் கண்ணாடி செய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், நிறமில்லாத கண்ணாடியைத் திரும்பச் சூடுகாட்டிச் சிவக்க வைப்பார்கள்.

நாலேகால் மணிக்கு, சுமார் 1,300 டிகிரியைக் காட்டும் பத்தாம் எண் கூம்பு தலைகுனிந்தது. கடைசிப் பத்து நிமிடம் டாம்பரைத் திறந்து உள்ளே காற்றை விட்டேன். மேல்தோல் தெளிவதற்காக. அப்புறம் எல்லாவற்றையும் அணைத்து, துளைகளை அடைத்து, ஒன்றரை நாள் தொடாமல் இருந்தேன். இந்த ஒன்றரை நாளில் செய்த ஒரு வேலையும் எனக்கு ஞாபகமில்லை.

இருபத்திரண்டு குவளையில் சிவப்பு என்று கூசாமல் சொல்லக்கூடியவை ஒன்பது. வாயில் கிளேஸ் வழிந்து மெலிந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே இளஞ்சிவப்பு, வயிற்றுக்கு வரவரக் கருஞ்சிவப்பு, அடியில் திரண்டு ஒரு தடித்த வளையமாக நின்றது. நின்றது என்பதுதான் சந்தோஷம், ஷெல்ஃபுக்கு இறங்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் மேலே கண்ணாடி, சிவப்பு அதற்குள்ளே கொஞ்சம் ஆழத்தில், குளத்தடி மாதிரி. லாங் சிவப்பை அடையாளம் காணச் சீனர்கள் சொல்வதும் இதுதான்: வாய் வெளுத்திருக்கும், அடியில் கனத்திருக்கும், ஓடியிருக்காது.

பார்வைத் துளைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றில் ஒரு கன்னம் சிவப்பு, மறு கன்னம் கிளிப்பச்சை. அங்கே காற்று கசிந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: செம்பு ஆவியாகும். சிவப்புக் குவளைக்குப் பக்கத்தில் வைத்திருந்த செம்பே இல்லாத வெள்ளைக் கிண்ணத்தின் ஒரு பக்கம், வெட்கப்பட்ட கன்னம் மாதிரி ரோஸ் நிழல் விழுந்திருந்தது. நான் அதைக் கழித்துக்கட்டத்தான் எடுத்து வைத்தேன். ஊட்டியிலிருந்து வந்த ஒருவர் ஒன்பது சிவப்பையும் தாண்டி அந்தக் கிண்ணத்தைத்தான் கேட்டு வாங்கிப்போனார். இதே மாதிரி இன்னும் ஆறு வேண்டுமாம். அதை எப்படிச் செய்வதென்று இப்போது தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ட்ரையர் அண்ணாவிடம் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, சத்தம் கேட்டு, இருப்பதிலேயே நல்ல சிவப்பை எடுத்துக்கொண்டார். என் மனைவி அதிலேயே டீ ஊற்றிக் கொடுத்தாள். உள்ளும் வெளியும் சிவப்பு பூசிய குவளை அது. அவர் குடிக்காமல் குவளையைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"தம்பி, டீ நிறமே தெரியலையே. ஃபேக்டரியில ருசி பாக்கற கோப்பை எல்லாம் உள்ள வெள்ளையாத்தான் இருக்கும். வெளிய நீ என்ன வேணா பண்ணு."

வாஸ்தவம்தான். புளிப்பான சாமான் ஊற்றிக் குடிக்கிற பாத்திரத்தில் உள்ளே செம்பு கிளேஸ் இல்லாமல் இருப்பதும் நல்லது. பத்தாவது சூளைக்கு நேற்று கிளேஸ் பூசினேன். வெளியே சிவப்பு, உள்ளே நிறமில்லாத கிளேஸ். வாய் விளிம்பில் இரண்டும் சந்திக்கும் இடத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் துடைத்து விரல் நுனி மரத்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும், சிலிண்டர்க்காரர் மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.